வாய்ஸ்மெயில் சர்வரில் இரண்டாவது லைன் கார்டு போடுவது: எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கோத்தகிரி_இலைக்கணக்கு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி பக்கம் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம். ஆஸ்டரிஸ்க் (டெலிபோன் இணைப்பகமாக இயங்கும் மென்பொருள்) போட்ட ஒரு டவர் சர்வர் வாய்ஸ்மெயிலுக்கு மட்டும் ஓடுகிறது. இலை கொடுக்கும் சிறு விவசாயிகள் லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டு அன்றைய பசுந்தேயிலை விலையைக் கேட்பார்கள். பீப் வந்த பிறகு பெயர், ஊர், எத்தனை கிலோ, வண்டி எந்த முக்குக்கு வர வேண்டும் என்று சொல்லி வைப்பார்கள். காலை 6 மணிக்கு எழுத்தர் எல்லாவற்றையும் கேட்டு வண்டிக்காரருக்குச் சீட்டு எழுதுவார்.

இப்போது உள்ளே இருப்பது 4 போர்ட் பிசிஐ கார்டு, டிடிஎம்410பி. நான்கிலும் சிவப்பு மாட்யூல் (கார்டில் செருகும் சிறு போர்டு). மாலை 5 முதல் 7 வரை நான்கு லைனும் பிஸி. அதனால் இன்னும் 4 லைன் வாங்கியிருக்கிறோம். செகண்ட் ஹேண்டில் ஏஇஎக்ஸ்800 கார்டு ஒன்று கிடைக்கிறது. ஒரு நாலு போர்ட் எஃப்எக்ஸ்ஓ (வெளி லைனுக்கு) மாட்யூலும் ஒரு நாலு போர்ட் எஃப்எக்ஸ்எஸ் (போன் கருவிக்கு) மாட்யூலும் சேர்த்துத் தருகிறார்கள். எஃப்எக்ஸ்எஸ் பக்கத்தை 900 மீட்டர் தள்ளியிருக்கும் எடை ஷெட்டுக்கு இன்டர்காமாகக் கொண்டுபோகலாம் என்று எண்ணம். சில்வர் ஓக் மரங்களில் கட்டிய பழைய டிராப் ஒயர் ஏற்கெனவே ஓடுகிறது.

மதர்போர்டில் ஒரு பிசிஐ ஸ்லாட் (410பி இருப்பது அதில்தான்), பிசிஐ எக்ஸ்பிரஸில் எக்ஸ்1, எக்ஸ்4, எக்ஸ்16 ஒவ்வொன்று. கார்டு மாட்டி எனக்குப் பழக்கம் குறைவு. பெட்டியைத் திறப்பதிலிருந்து சொன்னால் உதவியாக இருக்கும்.


குன்னூர்_போர்டு பதில்:

முதலில் கையில் இருக்கும் பழைய கார்டு நிஜமாகவே 410பி-தானா என்று பாருங்கள். பெட்டியைத் திறக்காமலே தெரியும். எல்எஸ்பிசிஐ கட்டளை (மாட்டிய கார்டுகளைப் பட்டியலிடுவது) கொடுங்கள், டிஜியம் (தயாரித்த நிறுவனம்) என்று வந்தால் 410பி. 'டைகர் ஜெட்' என்று வந்தால் அது 400பி. இரண்டும் பார்க்க ஒரே ஜாடை, விற்பவர்களே மாற்றிச் சொல்வார்கள். 400பி என்றால் கதை வேறு: அதன் டிரைவரான டபிள்யூசிடிடிஎம், டாடி (ஆஸ்டரிஸ்க்குக்கான கார்டு டிரைவர் தொகுப்பு) 3.0 பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது, 2.11 வரிசையோடு பழைய லினக்ஸ் கெர்னலில் கட்டுண்டு கிடக்க வேண்டும். 410பி-யும் ஏஇஎக்ஸ்800-உம் ஒரே டிரைவரில் (டபிள்யூசிடிடிஎம்24எக்ஸ்எக்ஸ்பி) ஓடும். அது 3 வரிசையிலும் இருக்கிறது. அதனால் 410பி என்று உறுதியானால் தைரியமாக வாங்கலாம்.

கட்டளைப் பெயர்களை ஒலிப்படி எழுதுகிறேன். டாடியோடு வரும் கருவிகளில் பெரும்பாலானவை 'டாடி' என்றே தொடங்கும், அதுவரை அடித்துவிட்டு டேப் விசையை இரண்டு தரம் தட்டினால் பட்டியல் வந்துவிடும்.

மாட்யூல் நிறம் மனதில் இருக்கட்டும். சிவப்பு எஃப்எக்ஸ்ஓ: வெளியிலிருந்து வரும் லைன் இதில்தான் செருக வேண்டும். பச்சை எஃப்எக்ஸ்எஸ்: போன் கருவி செருகுவது. பச்சைப் போர்ட்டில் எக்ஸ்சேஞ்ச் லைனைச் செருகினால் மாட்யூல் போய்விடும். பச்சைப் போர்ட்டும் எக்ஸ்சேஞ்ச் லைனும் மின்சாரம் தரும் பக்கங்கள், மோதிக்கொள்ளும். ஜாக்கின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாமல் கேபிளைத் தொடாதீர்கள்.

பெட்டியைத் திறக்கும் முன்:

டெலிபோன் லைன்களை எல்லாம் முதலில் பிடுங்குங்கள், பவர் கார்டு பிறகு. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். லைனில் சும்மா இருக்கும்போது 48 வோல்ட் டிசி-தான். ரிங் வரும்போது அதன்மேல் 75 முதல் 90 வோல்ட் வரை ஏசி ஏறும். கை ஈரமாக இருந்தால் நன்றாகவே உதறும். அந்த உதறலில் கையில் உள்ள கார்டைக் கீழே போடுவார்கள். பவர் கார்டை எடுத்த பிறகு மதர்போர்டில் உள்ள சின்ன எல்இடி அணையும்வரை காத்திருங்கள், அரை நிமிடம் ஆகும்.

ஸ்வெட்டரைக் கழற்றிவிடுங்கள். கேலிக்குச் சொல்லவில்லை. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நம் ஊரில் பகலில் காற்று காய்ந்து கிடக்கும். அக்ரிலிக் ஸ்வெட்டரும் நைலான் ஜெர்கினும் சேர்ந்தால் கதவுக் குமிழைத் தொட்டாலே பொறி பறக்கும். மழைக்காலத்தில் இந்தத் தொல்லை குறைவு, ஆனாலும் ரிஸ்ட் ஸ்ட்ராப் கட்டிக் கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் கிளிப்பை மாட்டுங்கள். பெயின்ட் மேல் மாட்டினால் கட்டாததற்குச் சமம்.

பார்சல் இரவெல்லாம் குளிர்ந்த குடோனில் இருந்து வந்தால் உடனே பிரிக்காதீர்கள். சர்வர் அறை வெதுவெதுப்பாக, ஈரப்பதத்தோடு இருக்கும். குளிர்ந்த போர்டின் மேல் பனி பூத்ததுபோல் நீர் படியும். வெள்ளி நிறக் கவரோடு அப்படியே அறையில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்துவிட்டுத் திறங்கள். செகண்ட் ஹேண்ட் கார்டு என்பதால் விளிம்பில் உள்ள தங்கப் பூச்சுத் தொடர்புகளைப் பாருங்கள். மங்கியிருந்தால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு ஒரே திசையில் துடைத்தால் போதும். ரப்பர் வைத்துத் தேய்ப்பது பழைய வழக்கம். பூச்சும் தேயும், நிலைமின்சாரமும் கிளம்பும், தூளும் ஸ்லாட்டுக்குள் விழும்.

ஸ்லாட்: ஏஇஎக்ஸ்800 எக்ஸ்1 கார்டு. எக்ஸ்1, எக்ஸ்4, எக்ஸ்16 மூன்றிலும் பொருந்தும். எக்ஸ்4-இல் போடுங்கள். சில பழைய மதர்போர்டுகளில் எக்ஸ்16 ஸ்லாட் கிராபிக்ஸ் தவிர வேறு எதையும் ஏற்காது, அதனால் அது கடைசித் தேர்வு. கார்டின் பிராக்கெட் உயரத்தையும் விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், டவர் கேபினட்டுக்கு முழு உயரப் பிராக்கெட் வேண்டும்.

மாட்யூலைக் கார்டில் பொருத்துவது மேசையில், கார்டை உள்ளே போடும் முன். இரண்டு பக்கமும் சமமாக அழுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் பின் வளையும், டிரைவர் ஏறும்போது அந்த நாலு போர்ட்டும் 'இல்லை' என்று வரும். இந்தக் கார்டில் இரண்டு இடம் உண்டு: முதல் இடம் 1 முதல் 4 வரை, இரண்டாவது 5 முதல் 8 வரை. எஃப்எக்ஸ்ஓ-வை முதல் இடத்தில் வையுங்கள்.

கார்டை ஸ்லாட்டில் நேராக இறக்கிப் பிராக்கெட் ஸ்க்ரூவைக் கண்டிப்பாக முடுக்குங்கள். ஸ்க்ரூ ஆட்டத்தை நிறுத்த மட்டும் இல்லை. லைன் வழியாக வரும் சர்ஜ் கேபினட் எர்த்துக்கு இறங்கும் வழியும் அந்தத் தகரம்தான். ஸ்க்ரூ இல்லாவிட்டால் அது ஸ்லாட் வழியாக மதர்போர்டுக்குள் போகும்.

எஃப்எக்ஸ்எஸ் மாட்யூல் வைத்தால் கார்டின் பின்புறம் உள்ள 4 பின் மோலக்ஸில் எஸ்எம்பிஎஸ்-இலிருந்து (கணினியின் பவர் சப்ளை) 12 வோல்ட் கொடுத்தே ஆக வேண்டும். ரிங் வோல்டேஜை உண்டாக்குவது அதுதான். எஃப்எக்ஸ்ஓ மட்டும் என்றால் வேண்டாம்.

ஆன் செய்ததும், லினக்ஸ் ஏறும் முன், பயாஸில் செக்யூர் பூட் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இயங்கினால் கையொப்பம் இல்லாத டாடி டிரைவரை கெர்னல் ஏற்காது. டிரைவரை ஏற்றும்போது சாவி இல்லை என்ற ஒரு வரி மட்டும் வரும், கார்டுதான் கெட்டுவிட்டது என்று பலர் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

டிரைவர் விருப்பங்களில் ஆபர்மோட் என்பதை இந்தியா என்று வையுங்கள். எதுவும் வைக்காவிட்டால் அமெரிக்க லைனுக்கான மின்தடைக் கணக்கில் இருக்கும். எதிரொலிக்குப் பாதிக் காரணம் இது. பிறகு டாடியின் சிஸ்டம் கோப்பில் லோட்ஜோன், டிஃபால்ட்ஜோன் இரண்டும் 'ஐஎன்'. சிக்னலிங் பெயர் தலைகீழ் என்பதை மறக்க வேண்டாம்: எஃப்எக்ஸ்ஓ போர்ட்டுக்கு எஃப்எக்ஸ்எஸ்கேஎஸ், எஃப்எக்ஸ்எஸ் போர்ட்டுக்கு எஃப்எக்ஸ்ஓகேஎஸ். எதிர்முனை எதுவோ அதன் பெயரில் பேச வேண்டும் என்பது கணக்கு.


பந்தலூர்_இடி பதில்:

குன்னூர்க்காரர் பெட்டிக்குள் இருப்பதைச் சொல்லிவிட்டார். நான் வெளியே இருப்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் மலையில் கார்டைக் கொல்வது அதுதான்.

அந்த 900 மீட்டர் டிராப் ஒயரில் எஃப்எக்ஸ்எஸ் போர்ட்டை மாட்டவே மாட்டாதீங்க.

மின்தடை பிரச்சினை இல்லை. 0.5 மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஜோடி கிலோமீட்டருக்குச் சுமார் 176 ஓம், உங்கள் தூரத்துக்கு 160-க்குள் முடியும். மணி அடிக்கும், பேச்சும் கேட்கும். பிரச்சினை இடி. உயரமான மரங்களில் கட்டித் திறந்த வெளியில் ஓடும் 900 மீட்டர் கம்பி ஆன்டெனா மாதிரி. மின்னல் அந்த மரத்திலேயே விழ வேண்டியதில்லை. அரை கிலோமீட்டரில் விழுந்தாலும் கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் தூண்டப்படும். அதன் மறுமுனை உங்கள் மதர்போர்டில் செருகியிருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் லைனுக்காவது அவர்கள் பக்கம் காப்பு உண்டு. உங்கள் சொந்தக் கம்பிக்கு யாரும் இல்லை.

எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவம் ஜூன் ஜூலையில் மரத்தை ஒயர் மேல் சாய்க்கும். கோத்தகிரி தொட்டபெட்டாவின் மறைவில் இருப்பதால் அந்த அடி குறைவு, ஆனால் ஏப்ரல், மே கோடை மழையும் அக்டோபரில் வடகிழக்குப் பருவம் தொடங்கும்போது வரும் மழையும் இடியோடுதான் வரும். சரியாக இலை வரத்து இருக்கும் நாட்கள்.

ஷெட்டுக்கு வழி: ஒற்றை முறை (சிங்கிள் மோட்) ஃபைபர், இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரை நெட்வொர்க் கேபிளோடு இணைப்பது), ஷெட்டில் ஒரு இரண்டு போர்ட் ஏடிஏ (சாதாரண போனை நெட்வொர்க்கில் சேர்க்கும் பெட்டி), அதில் சாதாரண போன். ஃபைபர் வாங்கும்போது உலோகக் கம்பியோ உலோகக் கவசமோ இல்லாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். தாங்குகம்பி இரும்பாக இருந்தால் திரும்பவும் அதே வழியில் மின்னல் வரும். செலவு அந்த எஃப்எக்ஸ்எஸ் மாட்யூலைவிட அதிகம்தான். ஆனால் எஃப்எக்ஸ்எஸ் மாட்யூல் போகும்போது தனியாகப் போகாது.

இப்போது எட்டு எக்ஸ்சேஞ்ச் லைனுக்கு. ஒவ்வொரு ஜோடிக்கும் மூன்று முனை கேஸ் டிஸ்சார்ஜ் டியூப் (சர்ஜை எர்த்துக்குத் திருப்பும் வாயுக் குழாய்) உள்ள காப்பு, 230 வோல்ட் வகை. குரோன் மாட்யூல் (கம்பி ஜோடிகளை அழுத்திச் செருகும் பட்டை) வைத்த எம்டிஎஃப் பெட்டி (லைன்கள் வந்து முடியும் இணைப்புப் பெட்டி) இருந்தால் அதிலேயே செருகும் காப்பு கிடைக்கும், டியூபோடு பிடிசி-யும் (மின்னோட்டம் கூடினால் தடுக்கும் உறுப்பு) சேர்ந்தது. அதை வாங்குங்கள், கம்பி லைன் மேல் மின்கம்பி விழுந்தால் பிடிசி-தான் காப்பாற்றும்.

எல்லோரும் தப்பு செய்யும் இடம் எர்த். டெலிபோன் காப்புக்கென்று தனியாக ஒரு குழி தோண்டுவார்கள், கரண்ட் எர்த் கட்டடத்தின் மறுபக்கம் இருக்கும். நம் செம்மண்ணும் அடிப்பாறையும் மின்தடை கூடியவை. சர்ஜ் இறங்கும்போது ஒரு குழியின் மின்னழுத்தம் மறு குழியைவிடப் பல நூறு, ஏன் ஆயிரம் வோல்ட் உயரும். அந்த வித்தியாசம் சமனாக ஒரே வழி உங்கள் கார்டு: ஒரு பக்கம் லைன், மறுபக்கம் எஸ்எம்பிஎஸ் எர்த். காப்பு போட்டும் கார்டு போகிறது என்று சொல்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் நடப்பது இதுதான். தனிக் குழி இருக்கட்டும், ஆனால் இரண்டையும் தடித்த செம்புக் கம்பியால் இணைத்து ஒரே எர்த் பட்டைக்குக் கொண்டு வாருங்கள். எம்டிஎஃப் பெட்டி, சர்வர் ரேக், யுபிஎஸ் மூன்றும் அந்தப் பட்டையில் சேர வேண்டும். எம்டிஎஃப்-இலிருந்து பட்டைக்குப் போகும் கம்பி 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல், குட்டையாக, நேராக. மிச்சக் கம்பியைச் சுருட்டி வைக்கும் பழக்கம் எலக்ட்ரீஷியன்களுக்கு உண்டு. சர்ஜுக்கு அந்தச் சுருள் சுவர் மாதிரி, வெட்டச் சொல்லுங்கள்.

எர்த் மின்தடை 5 ஓமுக்குக் கீழே வந்தால் நல்லது. அளப்பதை மார்ச்சில் அளக்கச் சொல்லுங்கள். நவம்பரில் மண் ஊறிக் கிடக்கும்போது எந்தக் குழியும் நல்ல குழிதான்.


கோடை_சிப் பதில்:

கொடைக்கானலிலிருந்து. ஏன் இன்னும் பெட்டிக்குள் கார்டு போடுகிறீர்கள்? எட்டு போர்ட் எஃப்எக்ஸ்ஓ கேட்வே (லைனை நெட்வொர்க் அழைப்பாக மாற்றும் தனிப் பெட்டி) ஒன்று வாங்கி நெட்வொர்க் கேபிளில் மாட்டினால் கெர்னல், டிரைவர், ஸ்லாட் எந்தத் தொல்லையும் இல்லை. இடி விழுந்தால் கேட்வே மட்டும் போகும், சர்வர் பிழைக்கும். உங்கள் ஊரில் ஃபைபர் வந்திருந்தால் லேண்ட்லைன் எண்ணையே சிப் டிரங்க்காக (நெட்வொர்க் வழி வரும் லைன்) மாற்றித் தருகிறார்களா என்றும் கேளுங்கள். அப்போது செம்பே வேண்டாம்.


குன்னூர்_போர்டு பதில்:

கோடை நண்பர் சொல்வதில் நியாயம் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர் என்றால் நானும் கேட்வேதான் சொல்வேன். இவரிடம் 410பி ஏற்கெனவே ஓடுகிறது, கார்டு விலை கேட்வே விலையில் சிறு பங்கு. இன்னொன்று, லைன் துண்டிப்பதைக் கண்டுபிடிப்பது. வாய்ஸ்மெயிலுக்கு உயிர் அதுதான். கார்டில் அதை ஆஸ்டரிஸ்க் பக்கமே நுணுக்கமாகச் சரிசெய்யலாம். மலிவான கேட்வேக்களில் ஒரு டிக் பாக்ஸ்தான் இருக்கும்.

பந்தலூர் சொன்ன ஷெட் விஷயத்தில் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறேன். எஃப்எக்ஸ்எஸ் மாட்யூலை விற்பவரிடமே விட்டுவிடுங்கள், விலையைக் குறைப்பார். இரண்டாவது இடம் காலியாக இருக்கட்டும்.


கோத்தகிரி_இலைக்கணக்கு (கேள்வியாளர்):

எல்லோருக்கும் நன்றி. கார்டு வந்துவிட்டது. 410பி-தான், டிஜியம் என்றே காட்டியது. புதிய கார்டில் நாலு போர்ட் எஃப்எக்ஸ்ஓ மாட்யூல் மட்டும். எர்த்தை ஒன்றாக இணைத்தாயிற்று, காப்பும் போட்டாயிற்று. எக்ஸ்4-இல் மாட்டினோம், டாடி ஹார்ட்வேர் கட்டளையில் இரண்டு கார்டும் தெரிகின்றன. ஆனால் மூன்று சிக்கல்.

ஒன்று, பழைய நாலு லைனும் 1-4 ஆக இருந்தவை. இப்போது புதிய கார்டு 1-4, பழையது 9-12 என்று வருகிறது. விலை அறிவிப்பு போக வேண்டிய லைன் வேறு செய்திப் பெட்டிக்குப் போகிறது.

இரண்டு, எல்லா லைனிலும் 'கிர் கிர்' என்று விட்டுவிட்டுச் சத்தம். டாடி டெஸ்ட் (கார்டின் நேரத் துல்லியத்தை அளக்கும் கருவி) 99.6 சதவீதம் காட்டுகிறது. டிஎம்எஸ்ஜி-யில் (கெர்னல் செய்திப் பதிவு) இன்டரப்ட் தவறியது, தாமதத்தைக் கூட்டுகிறேன் என்று வரிவரியாக வருகிறது.

மூன்று, இது முன்பே இருந்தது, இப்போது லைன் கூடியதால் தாங்கவில்லை: பாதிச் செய்திகளில் பத்து விநாடி பேச்சு, மீதி மூன்று நிமிடமும் பிஸி டோன். எழுத்தர் ஒவ்வொன்றையும் முழுக்கக் கேட்க வேண்டியிருக்கிறது.


குன்னூர்_போர்டு பதில்:

முதல் சிக்கல்: டாடி தானாக எண் போடும்போது முதலில் கண்ணில் பட்ட கார்டுக்கு முதல் எண். ஏஇஎக்ஸ்800 எட்டுப் போர்ட் கார்டு என்பதால் காலி இடத்துக்கும் சேர்த்து 8 எண்ணைப் பிடித்துக்கொண்டது, அதனால்தான் பழையது 9-இல் தொடங்குகிறது. ஆஸ்டரிஸ்க் பக்கம் எண்களை மாற்றி எழுதிச் சமாளிக்கலாம், ஆனால் நாளை கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் மறுபடியும் குழம்பும். நிரந்தர வழி: டாடி டிரைவருக்கு 'ஆட்டோ அசைன் ஸ்பான்ஸ்' (ஸ்பான் என்பது ஒரு கார்டின் போர்ட் தொகுதி) என்ற விருப்பத்தை 0 ஆக்குங்கள். பிறகு டாடி ஸ்பான் அசைன்மென்ட்ஸ் கருவியால் இப்போதைய நிலையைக் கோப்பாக எடுத்து, அசைன்ட் ஸ்பான்ஸ் கோப்பில் 410பி-க்கு முதல் ஸ்பான், சேனல் 1 தொடக்கம் என்றும், புதியதற்கு இரண்டாவது ஸ்பான், சேனல் 5 தொடக்கம் என்றும் எழுதுங்கள். அதன்பின் எந்த வரிசையில் ஏறினாலும் எண் மாறாது. ஆனால் இதை ஸ்லாட்டைத் தீர்மானித்த பிறகு செய்யுங்கள், ஏனென்றால் அடுத்த சிக்கலுக்குக் கார்டை நகர்த்த வேண்டிவரும்.

இரண்டாவது: இந்தக் கார்டுகள் ஒவ்வொன்றும் விநாடிக்கு 1000 தடவை சிபியு-வைக் கூப்பிடும் (இதுதான் இன்டரப்ட்), மில்லிவிநாடிக்கு ஒன்று. ஒன்றுக்குப் பதில் சொல்லத் தாமதமானால் அந்த மில்லிவிநாடிப் பேச்சு போய்விடும். நீங்கள் கேட்கும் 'கிர்' அதுதான். டாடி டெஸ்ட் 99.975-க்கு மேல் இருக்க வேண்டும். 99.6 என்பது கேட்க நல்ல மார்க் போலத் தோன்றும், குரலுக்கு அது ஃபெயில்.

ப்ராக் அடைவில் உள்ள இன்டரப்ட்ஸ் கோப்பைப் பாருங்கள். டபிள்யூசிடிடிஎம்24எக்ஸ்எக்ஸ்பி வரும் வரியில் வேறு பெயர் ஏதாவது சேர்ந்திருக்கிறதா? யுஎஸ்பி, டிஸ்க் கண்ட்ரோலர், நெட்வொர்க் கார்டு இவற்றில் ஒன்று நிச்சயம் இருக்கும். ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு பத்து விநாடி கழித்துத் திரும்பப் பாருங்கள், சுமார் 10,000 கூடியிருக்க வேண்டும். குறைந்தால் இன்டரப்ட் விழுங்கப்படுகிறது.

செய்ய வேண்டியது இந்த வரிசையில். பயாஸில் தேவையில்லாத சீரியல், பேரலல், ஆடியோ, யுஎஸ்பி லெகசி ஆதரவை அணையுங்கள். அதிலேயே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். ஆகாவிட்டால் கார்டை எக்ஸ்4-இலிருந்து எக்ஸ்1-க்கு மாற்றுங்கள். ஸ்லாட் மாறினால் இன்டரப்ட்டைப் பங்குபோடும் கூட்டாளியும் மாறும். அதற்கும் மசியாவிட்டால் எக்ஸ்16. சர்வரில் கிராபிக்ஸ் டெஸ்க்டாப் ஓடினால் நிறுத்துங்கள், வாய்ஸ்மெயில் பெட்டிக்கு அது எதற்கு? இவ்வளவும் டாடி டெஸ்ட்டை ஒரு பக்கம் ஓடவிட்டு, ஒரு மாற்றத்துக்கு ஒரு தடவை. இரண்டை ஒரே சமயத்தில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

இது முடிந்த பிறகு ஆஸ்டரிஸ்க்கை நிறுத்திவிட்டு எஃப்எக்ஸ்ஓட்யூன் ஓட்டுங்கள். ஒவ்வொரு லைனின் மின்தடையையும் அளந்து எதிரொலி குறைந்த மதிப்பைக் கோப்பில் எழுதிவைக்கும். டயல் டோனை நிறுத்த ஓர் எண்ணை அது அடிக்கும், 4 கொடுத்தால் போதும். நேரமெடுக்கும், இலை வரத்து இல்லாத நாளில் வைத்துக்கொள்ளுங்கள். எழுதிய மதிப்பை ஒவ்வொரு பூட்டிலும் ஏற்றும் வரியைத் தொடக்க ஸ்கிரிப்டில் சேர்க்காவிட்டால் கரண்ட் போய் வந்தவுடன் பழையபடி ஆகிவிடும்.


பந்தலூர்_இடி பதில்:

மூன்றாவதற்கு நான் சொல்கிறேன்.

கூப்பிட்டவர் போனை வைத்ததும் உங்கள் பக்கத்துக்கு எக்ஸ்சேஞ்ச் அனுப்புவது வெறும் டோன். கார்டு அதைப் பேச்சு என்றே நினைக்கிறது. அது பிஸி டோன் என்று அடையாளம் காட்ட வேண்டும். சான்டாடி கோப்பில் (ஆஸ்டரிஸ்க்கின் லைன் அமைப்பு) பிஸிடிடெக்ட் ஆம், பிஸிகவுன்ட் 4, பிஸிபேட்டர்ன் 750,750. நம் நாட்டு பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் விநாடி ஒலி, முக்கால் விநாடி மௌனம். ஒரு சுற்று ஒன்றரை விநாடி, நான்கு சுற்று 6 விநாடி. ஆக ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் 6 விநாடி டோன் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆசைப்பட்டு 2 ஆக்கினால் பின்னால் வண்டி ஹார்ன் அடித்தாலும் பேசிக்கொண்டிருக்கும் விவசாயியின் லைன் அறுந்துபோகும். வேகமாக, கால் விநாடி ஒலி, கால் விநாடி மௌனம் என்று வரும் டோன் உங்கள் பதிவில் கேட்டால் அது நெரிசல் டோன். அப்போது பேட்டர்னை 250,250 ஆக்க வேண்டும். ஒரு பதிவை ஆடியோ எடிட்டரில் திறந்து இடைவெளியை அளந்துவிடுங்கள், ஊகிக்க வேண்டியதில்லை.

இதைவிடச் சுத்தமான வழி துருவ மாற்றம், அதாவது லைனின் நேர், எதிர் முனைகளை எக்ஸ்சேஞ்ச் இடம் மாற்றிக் காட்டுவது. முன்பு பிசிஓ பூத்துகளில் மீட்டர் ஓடியது அதை வைத்துத்தான். உங்கள் லைன்களுக்கு அதை இயக்கித் தர முடியுமா என்று எக்ஸ்சேஞ்சில் கேட்டுப் பாருங்கள். பழைய லைன்மேன்களுக்கு உடனே புரியும். தந்தால் 'ஹேங்கப் ஆன் போலாரிட்டி ஸ்விட்ச்' ஆம் என்று வைக்கலாம், டோனே பதிவாகாது. ஆனால் நம் ஊரில் அழைப்பவர் எண் டிடிஎம்எஃப் (விசை டோன்) ஆக, துருவ மாற்றத்தோடுதான் வருகிறது. சிஐடி சிக்னலிங் டிடிஎம்எஃப், சிஐடி ஸ்டார்ட் 'போலாரிட்டி ஐஎன்' என்று வைக்க வேண்டும். அந்தக் கடைசி இரண்டு எழுத்து இந்தியாவுக்கென்றே சேர்த்தது. இரண்டும் இயங்கும்போது எடுத்தவுடன் லைன் துண்டானால் எண்ணுக்கு வந்த துருவ மாற்றத்தைத் துண்டிப்பு என்று எடுத்துக்கொண்டது என்று பொருள். போலாரிட்டி ஆன் ஆன்சர் டிலே 600 மில்லிவிநாடியில் இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

வாய்ஸ்மெயில் கோப்பில் மேக்ஸ்செக்ஸ் (செய்தியின் உச்ச நீளம், விநாடியில்) 180 என்பதை 60 ஆக்குங்கள், பெயரும் கிலோவும் சொல்ல ஒரு நிமிடம் போதும். மேக்ஸ்சைலன்ஸ் (இத்தனை விநாடி மௌனமானால் பதிவு நிற்கும்) 4, மின்செக்ஸ் (இதைவிடக் குட்டையான செய்தி சேமிக்கப்படாது) 6. மேக்ஸ்சைலன்ஸ் எப்போதும் மின்செக்ஸைவிடச் சிறியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெற்றுச் செய்தி குவியும். பேசாமல் வைத்துவிடுபவர்கள் அதிகம். ஒரு பெட்டியில் 100 செய்திதான் இயல்பான வரம்பு. எட்டு லைனுக்கு அது ஒரே மாலையில் நிரம்பும், 101-ஆவது ஆளுக்குப் பெட்டி நிறைந்தது என்று ஆங்கிலத்தில் சொல்லும். மேக்ஸ்எம்எஸ்ஜி-யை 1000 ஆக்குங்கள்.

சேமிப்பு வடிவம் வேவ் என்றால் நிமிடத்துக்கு 960 கிலோபைட். வேவ்49 என்றால் சுமார் 100 கிலோபைட்தான். நாளைக்கு 200 செய்தி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் என்று வைத்தால் 192 எம்பி-க்குப் பதில் 20 எம்பி. தெளிவு சற்றுக் குறையும். கிலோ எண் சரியாகக் கேட்க வேண்டும் என்றால் வேவே இருக்கட்டும், டிஸ்க் இன்று மலிவு. மாதம் ஒரு தடவை பழையதை அழிக்கும் கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் கட்டளை) ஒன்று போட்டுவிடுங்கள்.


கோத்தகிரி_இலைக்கணக்கு (கேள்வியாளர்):

ஆடியோவையும் யுஎஸ்பி லெகசியையும் அணைத்தபோது 99.9 வந்தது. எக்ஸ்1-க்கு மாற்றியதும் 99.99. 'கிர்' இல்லை. எண் வரிசையும் நிலையாகிவிட்டது. பதிவை அளந்ததில் 750 சரியாக வந்தது, இப்போது கடைசியில் 6 விநாடிதான் டோன். வேவிலேயே விட்டுவிட்டேன்.

ஒரு சின்னக் கேள்வி. ஞாயிறு மாலை சர்வரை அணைத்துத் திங்கள் காலை போடும் வழக்கம் இங்கே உண்டு. திங்கள் காலைகளில் ஏழாவது லைன் மட்டும் 'ரெட் அலாரம்' காட்டுகிறது. கேபிளை ஆட்டினால் வந்துவிடுகிறது.


குன்னூர்_போர்டு பதில்:

ரெட் அலாரம் என்றால் அந்தப் போர்ட்டில் லைன் வோல்டேஜ் வரவில்லை. மீட்டரை வைத்து ஜாக்கில் அளந்தால் 48-க்கு அருகே இருக்க வேண்டும். ஆட்டினால் வருகிறது என்பதால் ஆர்ஜே11 முனையில் பச்சை பூத்திருக்கும். அந்த ஒரு கேபிளின் முனையை வெட்டிப் புதிதாகக் கிரிம்ப் செய்யுங்கள், ஜாக்குக்குள் கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு. குரோனில் அதே ஜோடியையும் மறுபடி பஞ்ச் செய்துவிடுங்கள்.

ஞாயிறு அணைப்பதை நிறுத்துங்கள். ஓடும் பெட்டி தன் சூட்டிலேயே காய்ந்திருக்கும். அணைத்த பெட்டி இரவெல்லாம் பனியில் குளிர்ந்து, காலையில் அறை சூடானதும் உள்ளே ஈரம் படியும். ஏழாவது லைனில் இன்று தெரிகிறது, மற்றவற்றிலும் மெதுவாக வரும்.